இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள்

ஓஸ்லோவில் ஏப்ரல் தெருக்கூட்டும் மாதம். பனிக்காலத்தில் ஆட்கள் வழுக்கி விழாமல் இருக்க நடைபாதையெங்கும் கொட்டிவைத்த சரளைக் கல்லை வண்டிகள் வந்து வாரிக்கொண்டு போகும். அடுத்த சில நாட்களிலேயே அடுக்குமாடிகளின் நிலவறைகளிலிருந்து சைக்கிள்கள் மேலே ஏறி வரும். அரை வருடம் சும்மா நின்ற வண்டிகள். டயரில் காற்றில்லை, செயினில் துரு, பிரேக் கம்பி உறைக்குள் இறுகிக் கிடக்கிறது. போதாக்குறைக்குப் பிள்ளை இதற்குள் இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கும். சீட்டையும் ஏற்ற வேண்டும். பள்ளிகள் 5ஆம் வகுப்பை ஒட்டி நடத்தும் சைக்கிள் தேர்வும் பெரும்பாலும் வசந்த காலத்தில்தான் வருகிறது. 1956இல் தொடங்கிய ட்ருக் ட்ராஃபிக் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு அதற்கான பாடப்பொருளைத் தருகிறது. பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் வகுப்பு நடத்த நினைப்பவருக்கு இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. பிள்ளைக்கு வண்டி தேவை, வண்டி ஓடவில்லை. ஆர்வத்தை வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் இப்படிப்பட்ட வகுப்புகள் சந்தைக்கடையாகிவிடுவது உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் எளிய கணக்கு. பெரியவர் ஒருவர் நடுவில் நின்று இருபது நிமிடம் செய்து காட்டுகிறார். பன்னிரண்டு பிள்ளைகள், இருபத்து நான்கு கைகள். வேலை நடப்பது அவருடைய இரண்டு கைகளில் மட்டும். முன்வரிசையில் நிற்கும் இருவருக்கு ஏதோ தெரிகிறது. பின்னால் நிற்பவர்கள் பக்கத்துச் சைக்கிளின் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள், மணியை அடிக்கிறார்கள், ஒருவன் ஏறி உட்கார்ந்தே விடுகிறான். இதைக் குரலால் அடக்க முயல்பவர் கால் மணி நேரத்தில் களைத்துப்போவார். நார்வேயில் பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 1936லேயே சட்டம் தடுத்துவிட்டது. அங்கே மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதட்டல் என்ற ஆயுதம் அந்த ஊரில் மழுங்கி வெகுநாளாயிற்று. எனவே வகுப்பின் ஒழுங்கைப் பிள்ளை வந்து சேர்வதற்கு முன்பே மேசையில் பரப்பி வைத்துவிட வேண்டும்.

கையும் வாயும்

சரியான அளவு இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள். ஆளுக்கொன்று என்றால் பெரியவர் ஓடி மாளாது. மூன்று பேருக்கு ஒன்று என்றால் மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். பன்னிரண்டு பிள்ளைகள், ஆறு சைக்கிள்கள், இரண்டு பெரியவர்கள் என்பதே தாங்கக்கூடிய எல்லை. ஒரே பெரியவர்தான் என்றால் ஆறு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இருவரில் ஒருவர் கை, மற்றவர் வாய். கருவியைப் பிடிப்பவர் கை. படம் போட்ட அட்டையைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்பவர் வாய். வாய் சொல்லாமல் கை எதையும் திருகக் கூடாது. வாய் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இடம் மாற வேண்டும். சக்கரத்தைக் கழற்றியது ஒருவர் என்றால் டயரைப் பிரிப்பது மற்றவர். ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைக்கும், ஓரமாக ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும் இந்த ஒரே ஏற்பாடு மருந்தாகிவிடுகிறது. முதல் வகுப்பில் பையனையும் பெண்ணையும் வலிந்து ஜோடி சேர்க்காமல் இருப்பது நல்லது. சேர்த்தால் பல நேரம் ஸ்பேனர் பையன் கையிலும் அட்டை பெண் கையிலுமாக நின்றுவிடும். இடம் மாறும் பழக்கம் ஊறிய பிறகு யாரை யாரோடு சேர்த்தாலும் பாதகமில்லை.

ஓஸ்லோவின் கிழக்கே குரூருத்தாலன் பள்ளத்தாக்குப் பள்ளிகளில் இந்த முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. தமிழ், உருது, சோமாலி, அரபு என்று வீட்டுமொழிகள் பல இருக்கும் வகுப்பறைகள் அவை. நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு நார்வேஜிய மொழி இன்னும் கைவந்திருக்காது. அட்டையில் எழுத்துக்குப் பதில் படமும் எண்ணும் இருந்தால் அந்தப் பிள்ளையும் முதல் நாளே வாயாக இருக்கலாம். நட்டு, டயர், பம்ப் என்று ஒரு மணி நேரத்தில் பத்துச் சொற்கள் நாக்கில் ஏறிவிடும்.

பெரியவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. பிள்ளையின் கையிலிருந்து கருவியை வாங்கக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம். சொல்லும்போது எளிது, எட்டு வயதுப் பிள்ளை நட்டைத் தவறான பக்கம் திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கைத்தொழில் தெரிந்தவருக்கு நரகம். அப்போது கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: “இறுகுதா, தளருதா?” பதிலைப் பிள்ளையின் விரல்களே சொல்லிவிடும்.

யாருடைய வண்டி?

பிள்ளைகள் தங்கள் சொந்தச் சைக்கிளைத்தான் கொண்டுவர விரும்புவார்கள். முதல் வகுப்புக்கு அது வேண்டாம். ஒரு நட்டு தொலைந்தால் பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகும்? அந்தப் பதற்றத்தில் கற்பதெல்லாம் பறந்துவிடும். கெட்டாலும் கவலையில்லாத வண்டிகள் ஆறு வேண்டும்.

ஓஸ்லோவில் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே குடியிருப்புச் சங்கங்கள் வசந்தத்தில் டுக்நாட் நடத்தும். குடியிருப்போர் எல்லோரும் ஒரு மாலை கூடி முற்றம் பெருக்கி, வேலி சாயமடித்து, பிறகு சேர்ந்து சாப்பிட்டுக் கலைவார்கள். சைக்கிள் அறையைக் காலிசெய்வதும் பல இடங்களில் அதே சமயம்தான். எல்லா வண்டியிலும் ஒரு துண்டுச்சீட்டைக் கட்டிவிட்டுக் குறித்த நாள்வரை காத்திருப்பார்கள். சொந்தக்காரர் கழற்றாத சீட்டு தொங்கும் வண்டிகள் ஆளில்லாதவை. சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இவற்றை எடுத்துவரலாம். வாய்மொழி அனுமதி போதாது. ஒரு வருடம் கழித்து யாரேனும் வந்து தன் வண்டி என்றால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ வகுப்பு வைப்பவர் பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசி இதே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

வண்டிகள் ஒரே மாதிரி இருந்தால் நல்லது, குறைந்தது முன்சக்கரமாவது. அதற்குக் காரணம் உண்டு. நார்வேயின் சிறுவர் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்குக் கால் பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும். அந்தப் பின்சக்கரத்தைக் கழற்றப் போனால் சட்டத்தோடு பூட்டிய பிரேக் கரத்தையும் விடுவிக்க வேண்டும், செயினை எடுக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது இழுத்துப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். முதல் நாளில் அந்த வம்பு எதற்கு? முன்சக்கரம் இரண்டு நட்டு, ஒரு பிரேக். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு காகிதமும் உண்டு, இது பெரியவருக்கு. நார்வேயில் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆசிரியர் மட்டுமல்ல, தன்னார்வலராக வருபவரும் பொதுவாகக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். கைக்கு வந்துசேர நாளாகலாம் என்பதால் மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஐந்து நிமிடம்

முதல் பாடம் பஞ்சர். வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. திருட்டைக் கண்டுபிடிப்பதுபோல் ஓட்டையைத் தேடலாம். தண்ணீர் உண்டு, பசை உண்டு, முடிவில் தேர்வும் உண்டு. ஒட்டு நின்றதா இல்லையா என்பதைக் காற்றே சொல்லிவிடும். “நன்றாகச் செய்தாய்” என்று பெரியவர் முதுகில் தட்ட வேண்டிய தேவையே வராது.

சக்கரம் கழன்றதும் டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் லீவர் கொண்டு நெம்பி எடுத்து, டியூபை உருவிக் காற்றடிக்க வேண்டும். பெரிய ஓட்டை சீறும். சின்ன ஓட்டையைக் கன்னத்தருகே கொண்டுபோனால் குளிர்காற்றாகத் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டியதுதான். வாளியை முதலிலேயே மேசையில் வைக்கக் கூடாது. வைத்தால் எல்லோரும் நேராகத் தண்ணீருக்குப் போவார்கள். சட்டை நனையும், காது வேலை செய்யாது. குமிழி வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டதும் பிள்ளைகள் பசையைத் தேடுவார்கள். இங்கே ஒரு தடை போட வேண்டும். குத்தியது எது என்று காட்டினால்தான் பசை. டயரின் உட்புறத்தை விரலால் தடவினால் விரல் கிழியும். பழந்துணியால் தடவினால் துணி மாட்டும் இடத்தில் குற்றவாளி இருப்பான். தமிழ்நாட்டில் அது கருவேல முள். ஓஸ்லோவில் பனிக்காலத்துச் சரளையின் கூர்த்துண்டு, அல்லது போத்தல் கண்ணாடி. அதை எடுக்காமல் ஒட்டியவரின் டியூப் பத்து நிமிடத்தில் மறுபடி இளைத்துவிடும். அப்படி ஒன்றிரண்டு நடந்தால் நடக்கட்டும் என்று விடுகிற பெரியவர் நல்ல ஆசிரியர்.

உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுத்துண்டை விட அகலமாகச் சொல்யூஷனை மெல்லப் பூசியதும் வகுப்பின் மிக ஆபத்தான நேரம் தொடங்குகிறது. காத்திருக்க வேண்டும். ஈரப்பளபளப்பு போய், தொட்டால் விரலில் வராத பதம் வரும்வரை ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஓஸ்லோவின் ஏப்ரல் குளிரில் வெளியே செய்தால் அதற்கும் மேலே. சொல்யூஷனின் ஆவி நெடி அடிக்கும் என்பதால் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும், திறந்தால் குளிர் உள்ளே வரும். இந்த ஐந்து நிமிடத்துக்கு வேலை வைத்திருக்காத வகுப்பு இங்கேதான் உடைகிறது. பொறுமையில்லாத ஜோடி ஈரத்திலேயே ஒட்டிவிடும். பொறுமையுள்ள ஜோடி பக்கத்து மேசைக்குப் போய்விடும்.

நேரத்தை நிரப்பச் சைக்கிளே போதும். அட்டையின் அடுத்த பக்கத்தில் கணக்கு. முன் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் எத்தனை? 36ம் 18ம் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். 24 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு வண்டி 3.8 மீட்டர் போக வேண்டும். போகிறதா? சாக்பீஸும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வாசலில் கோடு போட்டு, இதற்கென்றே கூடுதலாக நிறுத்திவைத்த ஏழாவது சைக்கிளைப் பெடலை ஒரு சுற்றுச் சுற்றி நகர்த்திப் பார்க்கலாம். திரும்பி வரும்போது பசை காய்ந்திருக்கும். சிறியவர்களுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அவர்கள் போக்ஸ் கம்பிகளை எண்ணட்டும். இருவரும் தனித்தனியாக எண்ணி ஒரே விடை சொல்ல வேண்டும் என்றால் ஐந்து நிமிடம் போதாமல்கூடப் போகும்.

எல்லாம் தெரிந்த பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். வீட்டில் அப்பாவோடு ஏற்கெனவே செய்த பிள்ளை, மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டுத் தொந்தரவு செய்யும் பிள்ளை. அதற்கு 15 மி.மீ. ஸ்பேனரைக் கொடுத்துப் பெடல்களைக் கழற்றச் சொல்லலாம். வலது பெடல் வழக்கம்போல் கழலும். இடது பெடல் அசையாது. இன்னும் பலமாகத் திருகினால் இன்னும் இறுகும். அதன் மரை எதிர்ப்பக்கம் வெட்டப்பட்டது. ஏன் என்று கேட்டு ஒரு பென்சிலைக் கையில் கொடுக்க வேண்டும். தளர்ந்த கைப்பிடிக்குள் பென்சிலை நுழைத்து அதன் நுனியை வட்டமாகச் சுற்றினால், பென்சில் தன்னளவில் எதிர்த்திசையில் உருளும். மிதிக்கும்போது பெடலின் அச்சிலும் இதுவேதான் நடக்கிறது. மரை எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் ஒரு பெடல் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். அந்தப் பிள்ளை அன்று முழுக்கப் பென்சிலும் கையுமாக மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்.

ஒட்டி முடித்தபின் டியூபை லேசாக ஊதி உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகே முடியும்படி டயர் விளிம்பை ஏற்ற வேண்டும். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும், லீவரைக் கேட்பார்கள். லீவர் கொண்டு ஏற்றினால் டியூப் கவ்வப்பட்டுப் புது ஓட்டை விழும் என்பதால் அந்த நேரத்தில் லீவர்களை மேசையிலிருந்து எடுத்துவிடுவது உத்தமம். நான்கு கட்டைவிரல்கள் சேர்ந்தால் ஏறிவிடும். கையும் வாயும் சேர்ந்து வேலை செய்ய அனுமதியுள்ள ஒரே இடம் இது.

கத்தி பிடித்த கைகள்

நார்வேயில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளே காட்டுக்குப் போய்க் கத்தியால் குச்சி சீவுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெற்றோருக்கு முதலில் வயிற்றைக் கலக்கும் காட்சி அது. டிரான்ட்ஹைமில் ராணி மௌட் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் எல்லன் பியாத்தெ ஹான்சன் சான்ட்செத்தர், பிள்ளைகளின் துணிச்சலான விளையாட்டை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், ஆபத்தான கருவி, நெருப்பும் நீரும் போன்ற ஆபத்தான இடங்கள், மல்லுக்கட்டு, தொலைந்துபோகக்கூடிய தனிமை. பிள்ளை இவற்றைத் தானே தேடிப் போகிறது, அளந்து பார்க்கிறது என்பது அவருடைய பார்வை. சைக்கிள் பட்டறையில் இந்த ஆறில் கருவியும் வேகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆகவே பிள்ளைகள் தொட்டே தீருவார்கள் என்று வைத்துக்கொண்டு விதி செய்ய வேண்டும்.

விதிகள் மூன்றுக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது. சக்கரத்தைச் சுழற்றப் போகிறவர் “சுத்துது!” என்று சத்தம் போட வேண்டும், சத்தம் கேட்டதும் மற்ற கைகள் விலக வேண்டும். செயினும் பல்சக்கரமும் சேரும் இடத்தில் விரல் போகக் கூடாது. துடைக்க வேண்டுமானால் கீழ்ப்பக்கச் செயினைத் துணியால் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றலாம், கால் பிரேக் உள்ள வண்டியில் அது சுற்றாது என்பதால் அதைத் துடைக்கும் வேலை பெரியவருக்கு. நீண்ட முடி, கழுத்துத் துண்டு, ஜாக்கெட்டின் தொங்கும் கயிறு எல்லாம் உள்ளே. அவ்வளவுதான். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியை முதல் சில வகுப்புகளுக்குச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. சுழலும் தட்டு விரலைக் கத்தியாக வெட்டும். நின்ற தட்டை எண்ணெய்க் கையால் தொட்டால் பிரேக் பிடிக்காமல் போகும்.

கடைசித் திருகு மட்டும் பெரியவருடையது. இதில் பேரம் கிடையாது. நட்டு இறுகியிருக்கிறதா, சக்கரம் கழற்ற அவிழ்த்த பிரேக் கம்பி மறுபடி மாட்டப்பட்டதா என்று பெரியவர் கைவைத்துப் பார்க்காமல் எந்த வண்டியிலும் யாரும் ஏறக் கூடாது. பிள்ளைகள் அதிகம் மறப்பது அந்தப் பிரேக் கம்பியைத்தான். ஸ்பேனர் வேண்டாத நெம்புப் பூட்டு உள்ள சக்கரம் என்றால் இன்னொரு கண் வேண்டும்: பிள்ளைகள் அந்த நெம்பைத் திருகாணிபோல் சுற்றி இறுக்கிவிட்டு முடிந்தது என்பார்கள். அதை மடக்கிப் பூட்ட வேண்டும், மடக்கும்போது உள்ளங்கையில் அச்சுப் பதிய வேண்டும்.

போலீஸ்காரர் விளையாட்டு

இரண்டாம் நாள் வகுப்பைச் சோதனையோடு தொடங்கலாம். நார்வே விதிப்படி சைக்கிளுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக், ஒரு மணி, பின்னால் சிவப்பு ஒளிதிருப்பி, பெடல்களில் வெள்ளை அல்லது மஞ்சள் ஒளிதிருப்பி வேண்டும். இருட்டினால் முன்னும் பின்னும் விளக்கு. ஹெல்மெட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்று கேட்டதும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், வீட்டில் அது கட்டாயம் என்பதால். ஒவ்வொரு ஜோடியும் பக்கத்து ஜோடியின் வண்டிக்குக் குற்றப்பத்திரிகை எழுத வேண்டும். தன் வண்டியில் தெரியாத குறை அடுத்தவர் வண்டியில் பளிச்சென்று தெரியும்.

ஓஸ்லோ மாநகராட்சி இதே குணத்தைப் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டது. பள்ளிக்குப் போகும் வழியில் பயமாக இருக்கும் இடங்களைப் பிள்ளைகளே செல்பேசியில் குறித்து அனுப்பும் ‘போக்குவரத்து உளவாளி’ என்ற செயலியை 2010களின் நடுவில் அறிமுகப்படுத்தியது. மறைக்கும் புதர், விளக்கில்லாத திருப்பம், வேகம் குறைக்காத கார் எல்லாம் அப்படிப் பிள்ளைகள் வழியாக நகர அலுவலகத்துக்குப் போயின. அந்த ஆண்டுகளில்தான் நகர மையத்தில் கார் நிறுத்துமிடங்களை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டார்கள். 2015 முதல் 2021 வரை அங்கே துணை மேயராக இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம். 2019இல் ஓஸ்லோ சாலைகளில் நடந்துபோனவரோ சைக்கிளில் போனவரோ ஒருவர்கூட இறக்கவில்லை. வகுப்பில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மணியும் ஒளிதிருப்பியும் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிராது.

வயதுக்கேற்ற அழுக்கு

1 முதல் 4ஆம் வகுப்புவரை உள்ளவர்கள் பள்ளி முடிந்தபின் இருக்கும் மாலை நேரக் கூடத்தில் வகுப்பு வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. கழுவுவது, காற்றடிப்பது, மணி பூட்டுவது, சீட்டை ஏற்றுவது போதும். அழுத்தமானி உள்ள பம்ப் ஒன்று இருந்தால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைத் தேடிப் படித்து, அதுவரை ஏற்றுவதையே ஒரு போட்டியாக்கலாம். அவர்கள் மாலைச் சிற்றுண்டிக்கு முன்பே வேலை முடிய வேண்டும். எண்ணெய்க் கறையோடு பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டியைப் பிட்டால் அன்று மாலை பெற்றோரிடமிருந்து ஃபோன் வரும். சமையல் எண்ணெயும் சீனியும் கலந்து தேய்த்தால் கிரீஸ் போய்விடும், பிறகு சோப்பு.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை பொற்காலம். பஞ்சரும் பிரேக் கட்டையும் இவர்களுக்கே.

பதின்மூன்றுக்கு மேல் கதை வேறு. அந்த வயதில் ‘கற்றுக்கொள்’ என்றால் காது மூடும். ‘வேலை’ என்றால் திறக்கும். நார்வேயின் 8 முதல் 10ஆம் வகுப்புவரை இரண்டாம் அந்நிய மொழிக்குப் பதில் எடுக்கக்கூடிய தொழில் வாழ்க்கைப் பாடம் ஒன்று உண்டு. மாணவர்கள் பொருளோ சேவையோ உருவாக்கி உண்மையான வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களின் சைக்கிள்களை வசந்தத்தில் சரிபார்த்துக் கொடுப்பது இதற்குப் பொருத்தமான சேவை. விலைப்பட்டியல் எழுதுவது, வண்டி வாங்கும்போது குறை குறித்துக்கொள்வது, திருப்பிக் கொடுக்கும் நாளைச் சொல்லி அதைக் காப்பாற்றுவது எல்லாம் பஞ்சரை விடக் கடினம். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த, 1984இல் தொடங்கிய ‘குண்டல்ல, சைக்கிள்’ என்ற பொருள்படும் பெயர்கொண்ட அமைப்பு இன்னொரு வழி பிடித்தது. இளையோர் பழைய வண்டி ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்று, முடித்தபின் அதையே தமதாக்கிக்கொள்ளலாம். வீட்டில் சைக்கிள் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய இழுப்பு. ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே நல்ல வண்டி இருந்தால் யாருக்குத் தேவை என்ற கேள்வி எழும். பிள்ளைகள் முன்னால் அதைக் கேட்காமல் இருப்பதே மரியாதை. எல்லோரும் சம்பாதிக்கலாம், வேண்டாதவர் நார்வேயின் பூவா போன்ற இலவச இரவல் நிலையத்துக்குக் கொடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை.

அப்பாக்கள் வெளியே, அப்பப்பா உள்ளே

கூட வரும் பெற்றோர்தான் வகுப்பின் பெரிய இடைஞ்சல். குறிப்பாகக் கைவேலை தெரிந்த அப்பாக்கள். “இங்க கொடு, நான் காட்டுறன்” என்ற ஒரு வாக்கியத்தில் பிள்ளை பார்வையாளராகிவிடும். ஓஸ்லோவின் டேயன் பகுதியில் 2016இல் திறந்த பிப்லோ நூலகம் 10 முதல் 15 வயதினருக்கு மட்டுமானது. பெரியவர் என்றால் ஊழியர் மட்டுமே. அம்மா அப்பாவுக்கு இடமில்லை. பழைய லாரி ஒன்றைச் சமையலறையாக்கி அங்கே பிள்ளைகள் சமைக்கிறார்கள். பெற்றோரை வாசலோடு நிறுத்துவது அந்த நகரத்துக்குப் புதிதல்ல என்று சொல்லிக் காபிக்கு அனுப்பிவிடலாம். கடைசிக் கால் மணி நேரத்துக்கு உள்ளே வரட்டும். பிள்ளை செய்ததைப் பிள்ளையே விளக்கட்டும்.

விதிவிலக்கு தாத்தாக்களுக்கு. இலையுதிர் காலத்தில், அக்டோபர் வாக்கில், விளக்கு வகுப்பு ஒன்று வைக்க வேண்டியிருக்கும். டிசம்பரில் ஓஸ்லோவில் மாலை மூன்றேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும்; பள்ளி விட்டு வரும்போதே விளக்கு வேண்டும். பேட்டரி விளக்கைப் பூட்டுவதில் பாடம் எதுவும் இல்லை. ஆனால் டயரில் உரசிச் சுழலும் பழைய டைனமோ ஒன்றைக் கொண்டுவந்து, தமிழ்க் குடும்பத்து அப்பப்பா ஒருவரை அருகில் உட்காரவைத்தால் வகுப்பே மாறிவிடும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் வராது. சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி இழுத்துச் செய்தி கேட்ட தலைமுறை அது. வார இறுதியில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை காதில் விழுந்திருக்கலாம். கையால் சுற்றிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒருவர் சுற்ற, ஒருவர் பல்பைப் பிடிக்க, வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்குவதைப் பார்க்கலாம். அப்பப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: கதை உங்களுடையது, ஸ்பேனர் அவர்களுடையது.

கலைவதற்கு முன்

கருவிகளைப் பெட்டியில் போடச் சொன்னால் ஒரு ஆலன் சாவியாவது தொலையும். சுவரில் ஒரு பலகை மாட்டி, ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் அதன்மேல் வரைந்துவிட்டால் இல்லாதது எது என்று தூரத்திலிருந்தே தெரியும். பலகை நிறையும்வரை யாரும் ஜாக்கெட் போடக் கூடாது. பலகைக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், வாரம் ஒருவராக. அன்று அதிகம் குறும்பு செய்த பிள்ளையைத் தண்டனை என்று சொல்லாமல் நியமித்தால் அது மற்ற எல்லோரையும் விடக் கண்டிப்பாக இருக்கும்.

வேலை முடியாத வண்டிகள் இரண்டேனும் இருக்கும். அவற்றை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுப் போவது ஆபத்து. மாலையில் யாராவது எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஹேண்டில்பாரில் சிவப்பு நாடா கட்டி, என்ன மிச்சம் என்பதை அந்த ஜோடியே அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும்: முன் பிரேக் மாட்டவில்லை, இடது நட்டு தளர்வு. பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, ஜோடியின் பெயர் எழுதிய காகிதத்தை அதில் ஒட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கூடத்தின் பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். அடுத்த வாரம் அவர்கள் வேலை அந்தச் சக்கரத்திலிருந்து தொடங்கும்.